மெழுகிய பாலை

"தாய் வார்த்தை வேணும் சக்தி. தகப்பன் வார்த்தை மட்டும் போதாது. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

"எதுக்கு சார்?"

"சுபியோட இடத்துக்கு."

பிரம்மசக்தி உறைத் தொட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. மூடி முழுதாக இறுகிய பிறகுதான் கையைத் துடைத்தாள்.

"சுபி இடத்துக்கு என்ன?"

ஜெபசிங் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நாசரேத்துக்காரர், மண்ணைப் படித்தவர். சகாரா பாலையின் நடுவே, சாட் நாட்டின் வறண்ட ஏரிப் பள்ளத்தில் இருந்த அந்த முகாமுக்கு அவர்தான் தலைமை. சொல்லக் கஷ்டமான விஷயம் என்றால் முதலில் எதையாவது கேட்பார்.

"டீ இருக்கா?"

"ஆறிப்போச்சு."

"பரவால்ல, தா."

குடித்தார். பிறகு சொன்னார். "வெள்ளைப் பாத்தியைத் திறக்கணும். அந்த மண்ணு காட்டுக்குப் போகணும்."

"எந்தக் காட்டுக்கு?"

"அமேசான். கடலுக்கு அந்தப் பக்கம்."

"அங்க மண்ணு இல்லியா?"

"மண்ணு இருக்கு. சத்து இல்ல. அங்க பெய்யுத மழை அப்படி. அரிசி களையுத மாதிரி அலசி அலசி ஆத்துல கொண்டு போயிரும். போன சத்துல ஒரு பங்கை ஈடுகட்டிக்கிட்டு இருந்தது இந்தப் பள்ளத்துத் தூசி. காத்து இங்க இருந்து அள்ளும், கடலைத் தாண்டும், அங்க மழையோட இறக்கும். நாம மெழுகிட்டோம். வரத்து நின்னு போச்சு."

மெழுகுவது என்பது முகாம்காரர்கள் வைத்த பெயர். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. தொட்டியில் வளர்க்கிற நுண்ணுயிர்க் கூழை வண்டியில் ஏற்றித் தரையில் தெளித்தால், பாலில் ஆடை படிகிற மாதிரி மண்மேல் ஒரு பொருக்குப் படியும். காற்று எவ்வளவு அடித்தாலும் தூசி கிளம்பாது. தூத்துக்குடி உப்பளங்களில் வேலை பார்த்தவர்களுக்கு வெள்ளைத் தரையும் வெயிலும் பழக்கம் என்று தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். அவர்கள் வந்ததும் ஏரிப் பள்ளத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். கூழுக்கு உறை என்று பெயர் வைத்தார்கள். சக்தி உறைக்காரி. அவள் கணவன் லிங்கதுரை மெழுகு வண்டி ஓட்டுகிறவன்.

"நாம மெழுகும்போது இது தெரியாதா சார்?"

"தெரியும்." ஜெபசிங் தம்ளரைக் கீழே வைத்தார். "கொஞ்சம்தான் குறையும்னு நெனச்சோம். மூச்சு முட்டிச் சாகுத பிள்ளைங்க கண்ணு முன்னால இருந்துச்சு. மரம் தூரத்துல இருந்துச்சு."

"இப்போ?"

"மரம் காய்க்கல. காய்க்காததைத் தின்னு வாழ்ந்த சீவன் எல்லாம் போயிட்டு. ஆளுங்க காட்டை விட்டு வெளிய வாராவ."

"மத்த பாத்தியில சிலது இப்பத்தானே திறந்தோம்."

"அதுல பாஸ்பரஸ் கம்மி. ஏரி வத்தும்போது கடைசியாத் தண்ணி கெடந்தது வெள்ளைப் பாத்தியில. மீனெல்லாம் அங்கதான் வந்து ஒதுங்கிச் செத்திருக்கு. எலும்பு பூரா அங்க கெடக்கு."

"அதான் மண்வெட்டி இறங்குச்சு" என்றாள் சக்தி.

முகாமைச் சுற்றி வேறு எங்கு வெட்டினாலும் பாறை. வெள்ளைப் பாத்தியில் மட்டும் மண் மாவு மாதிரி இருந்தது. மகள் சுபிதாவுக்கு நாலு வயது. காய்ச்சல் வந்தது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, விமானம் இறங்கத் தடை ஒன்றும் இல்லை. விமானம்தான் வேறு முகாமில் நின்றது. நாலு வயதுப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைக்கத்தான் வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக வழி இல்லை. லிங்கதுரை மண் இறங்குகிற இடமாகப் பார்த்துத் தோண்டினான்.

"யோசிச்சுச் சொல்லு" என்றார் ஜெபசிங். "வேண்டாம்னா வேண்டாம். அந்தப் பாத்தியைத் தொட மாட்டோம்."

"காடு?"

அவர் தம்ளரைக் கழுவப் போனார்.

* * *

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லாதே. அவ்வளவுதான்."

லிங்கதுரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமைகளில் அவன் தாமதமாகத்தான் வருவான். வேலை முடிந்தபின் வண்டியை வெள்ளைப் பாத்திக்கு விட்டு, மகள் கிடக்கிற இடத்தில் இன்னொரு பூச்சுப் பூசிவிட்டு வருவான். மற்ற இடத்தில் பொருக்கு அப்பளம் கனம். அங்கே மட்டும் செங்கல் கனம் ஆகியிருந்தது. ஜெபசிங்குக்குத் தெரியும். கேட்டதில்லை.

"காத்து என்ன செய்யும் தெரியுமாளா? பொருக்கை உடைச்சு விட்டா ஒரு காத்துக் காலத்துல முழக் கணக்குல எடுத்துரும். நான் எவ்வளவு ஆழம் தோண்டினேன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். நானும்தான் நின்னேன்."

"அப்புறம்?"

"சோறு ஆறுது."

அவன் பிசைந்தான். வாயில் வைக்கவில்லை.

"எடுத்து வேற எடத்துல வச்சிரலாம்னு சொல்லுதாரு ஜெபசிங் சார். பாறையில குழி போட்டுத் தாராராம் மெசினை வச்சு."

"நீங்க தோண்டி எடுப்பீங்களா?"

அவன் தட்டைப் பார்த்தான்.

"மாட்டேன்."

"நானும் பாக்க மாட்டேன்."

"அப்போ வேண்டாம்னு சொல்லிரு. நாம பாத்திராத காட்டுக்கு நாம என்னத்துக்குப் பிள்ளையக் குடுக்கணும்? அவிய நமக்கு விமானம் அனுப்பினாவளா?"

"அவிய விமானம் இல்லியே அது."

"ஒனக்கு அழுகையே வரலியா சக்தி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பல்லுக்கு மருந்து போட்டபின் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இல்ல" என்றாள். "ஊறுகா வைக்கட்டுமா?"

* * *

ஹலிமே முகாமின் சமையல்கட்டில் இருந்தாள். உள்ளூர்க்காரி. அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள் சமையல்காரர்கள். அதனால் யாராக இருந்தாலும் அவளுக்கு ஏலே, ஏட்டிதான். ஜெபசிங்கையே "ஏலே ஜெபசிங், சாப்பிட வா" என்பாள். அவர் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"ஏட்டி சக்தி, இங்க உக்காரு. வெங்காயம் உரி."

சக்தி உட்கார்ந்தாள். ஹலிமேயின் மகள் ஸாரா வாசலில் எதையோ துரத்திக்கொண்டு ஓடினாள். ஸாராவும் சுபியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். மெழுகுவதற்கு முன்னால் ஸாரா ஓடியதில்லை. உட்கார்ந்தே மூச்சு வாங்குவாள். காற்று அடிக்கிற நாட்களில் உதடு நீலமாகிவிடும். இப்போது ஓடுகிறாள், கத்துகிறாள், அடி வாங்குகிறாள்.

"எங்களைத் தெற்கே அனுப்புதாங்களாம்" என்றாள் ஹலிமே. "வீடு கட்டித் தாராங்களாம். நல்ல வீடாம். அங்கேயும் தூசி போகும்லா?"

"போகும். இங்க மாதிரி இருக்காது."

"கொஞ்சம் செத்தாலும் சாவுதானே?"

சக்தி வெங்காயத்தை உரித்தாள்.

"நீ வேண்டாம்னு சொல்லிரு. ஒன் பிள்ளை தூங்கும். என் பிள்ளை மூச்சு விடும். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. செலவே இல்ல."

"ம்."

"என்ன ம்? நீ ஒண்ணு கேளு. எங்க ஆளுங்க யாரையும் பள்ளத்துல புதைக்கிறது இல்ல. மேட்டுலதான். பள்ளத்து மண்ணுக்குக் காலு இருக்கு. அன்னைக்கே லிங்கதுரைட்ட சொல்லணும்னு நெனச்சேன். ஆனா நீங்கதான் மண்ணைக் கட்டிப் போட்டுட்டீங்களே, இனி எங்க ஓடப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்."

"அப்போ கட்டினது கட்டினபடி இருக்கட்டும். சொல்லிருவேல்லா?"

ஸாரா உள்ளே ஓடிவந்து தாயின் முதுகில் விழுந்தாள். மூச்சு இரைத்தது. ஓடியதால் வந்த இரைப்பு. சக்தி அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

* * *

மறுநாள் அவளே ஜெபசிங்கின் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு விஷயம் கேக்கணும். மீன் எலும்பும் மனுஷ எலும்பும் ஒண்ணா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுதான். ரெண்டுலயும் இருக்கிறது அதே சுண்ணாம்பும் பாஸ்பரசும்தான்."

"சின்னப் பிள்ளை எலும்புலயுமா?"

"அதுலயும்."

"காத்து அதைத் தூக்குமா?"

"நாள் ஆகும் சக்தி. வெயில்ல காஞ்சு, மணலு உரசி உரசிப் பொடியாகணும். ஆனா அந்த மண்ணு மாவு மாதிரி. பொருக்கை உடைக்கத் தெளிக்கிறதும் புளிச்ச உறை, அதுல இருக்கிற புளிப்பு எலும்பையும் அரிக்கும். ஒரு காத்துக் காலம் போதும்."

"அங்க போய் விழுந்தா, மரம் அதை எடுத்துக்கிடுமா?"

"எடுத்துக்கிடும். வேர் எடுத்து, தண்டுக்குப் போயி, இலைக்குப் போயி..." அவர் நிறுத்தினார். "நீ இதையெல்லாம் நெனச்சு சரின்னு சொல்லாதே. நான் சொன்னேன்னும் சொல்லாதே."

"அவ மரம் பாத்ததில்ல சார்."

"ம்?"

"இங்கதான் பொறந்தா, இங்கயேதான் இருந்தா. போன்ல படம் காட்டுவேன். நம்பவே மாட்டா. 'இவ்வளவு உசரமா எப்படிம்மா நிக்குது, யாரு புடிச்சிக்கிட்டு இருக்கா'ன்னு கேப்பா. ஊருக்குப் போனதும் காட்டுதேன்னு சொல்லிட்டே இருந்தேன். வேப்ப மரத்தைத் தொட்டுப் பாக்கலாம்னு."

ஜெபசிங் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"திறந்துக்கிடுங்க சார்" என்றாள் சக்தி. "புளிச்ச உறையை நானே போடுதேன். தொட்டியைக் கழுவணும், ரெண்டு நாள் குடுங்க."

"லிங்கதுரை?"

"அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

லிங்கதுரையிடம் அவளே சொன்னாள். கேட்டுவிட்டு எழுந்து போய் வண்டியின் தெளிப்புக் குழாயைக் கழற்றிக் கழுவினான். உள்ளே காய்ந்திருந்த மெழுகுக் கூழைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். சுத்தமாக்கிவிட்டு வந்து சொன்னான்.

"வெள்ளைப் பாத்திக்கு நான்தான் ஓட்டுவேன். வேற எவனும் அவ மேல வண்டி ஏத்தக் கூடாது."

"சரி."

"நீ வராண்டாம்."

"சரி."

* * *

வண்டி கிளம்புகிற அன்று காலையில் ஹலிமே வந்தாள். தலைத்துணியை இடுப்பில் கட்டியிருந்தாள். தொட்டி அறை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஏட்டி! வெளிய வா!"

சக்தி வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

"ஒன் பிள்ளைக்கு மரம் வேணுமாம்லா. ஜெபசிங் சொன்னான். செத்த பிள்ளைக்கு மரம் வேணும்னு இருக்குத பிள்ளை மூச்சைப் புடுங்குதியே, நீ பொம்பளையா?"

சக்தி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பேசு! இல்லன்னு சொல்லு! காட்டுக்காகன்னு பொய்யாவது சொல்லு!"

"காட்டுக்காக இல்ல" என்றாள் சக்தி.

ஹலிமே குனிந்தாள். மெழுகுவதற்கு முன்னால், சமையல்கட்டு வாசலில் இரண்டு தமிழ்ப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டபோது அவள் பார்த்திருக்கிறாள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள், மற்றவள் வெலவெலத்துப் போனாள். இவர்களிடம் அதைவிடப் பெரிய சாபம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதைச் செய்யத்தான் குனிந்தாள். விரல்களைத் தரையில் ஊன்றி இழுத்தாள். தரை வழுவழுவென்று இருந்தது. திரும்ப இழுத்தாள். நகம் வழுக்கியது. இன்னும் அழுத்தி இழுத்தபோது நுனியில் ஒரு நகம் பிய்ந்தது. கையில் ஒன்றும் வரவில்லை.

பிறகு வெறும் கையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"வாரித் தூத்த ஒரு பிடி மண்ணு இல்லாமப் பண்ணிட்டீங்களே, பாவிங்களா."

"மருந்து போடுதேன், வா. ரத்தம் வருது."

"போட்டீ."

அவள் போனாள். லிங்கதுரை இதையெல்லாம் வண்டிக்குள் இருந்து பார்த்தான். இறங்கவில்லை. அவள் போன பிறகு வண்டியைக் கிளப்பினான். சக்தி கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனாள்.

அவன் திரும்பி வந்தபோது கேட்டாள்: "உடைஞ்சுதா?"

"எல்லா எடமும் தெளிச்ச உடனே நொறுங்கிச்சு. அங்க மட்டும் நொறுங்கல." அவன் பூட்ஸைக் கழற்றினான். "ரொம்பப் பூசிட்டேன்லா. மறுபடி மறுபடி தெளிக்க வேண்டியதாப் போச்சு."

* * *

காற்றுக் காலம் வந்தது. முகாமின் சன்னல்களுக்கு ரப்பர் அடைப்புப் போட்டார்கள். பகலில் விளக்கு எரிந்தது. வெள்ளைப் பாத்திமேல் நின்ற தூசி ஒரு சுவர் மாதிரி எழுந்து மேற்கே போய்க்கொண்டே இருந்தது. முகமூடி இல்லாமல் யாரும் வெளியே போகவில்லை. சக்தி அந்தப் பக்கம் போகவே இல்லை. லிங்கதுரை ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்தான். "ஒண்ணும் இல்ல, சமமா இருக்கு" என்றான். அவள் சரி என்றாள்.

ஹலிமே தெற்கே போய்விட்டாள். ஒரு நாள் அவளிடமிருந்து சக்தியின் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அதில் பேச்சு இல்லை. போனை ஸாராவின் மார்புக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள். விசில் மாதிரி ஒரு மூச்சு ஏறும். நிற்கும். இறங்கும். சக்தி அதை முழுதாகக் கேட்டாள். அதன்பின் தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டாள்.

"அழிச்சிரு அதை" என்றான் லிங்கதுரை.

"வேண்டாம்."

"என்னத்துக்குக் கேக்குதே?"

"அவ கேக்குறால்லா. நானும் கேக்கணும்."

காற்று ஓய்ந்து தூசி படிந்த பிறகு, ஒரு மத்தியானம் சக்தியின் வீட்டுக்கு ஜெபசிங் வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லிங்கதுரை பாயில் படுத்திருந்தவன் எழுந்தான்.

"போய்ச் சேரல" என்றார்.

"எது சார்?"

"வெள்ளைப் பாத்தி மண்ணு. புளிச்ச உறையில ஒரு அடையாளம் சேத்திருந்தோம்லா, இந்த மண்ணு எங்க இறங்குதுன்னு பாக்க. காட்டுல மழைத் தண்ணியப் பிடிச்சுச் சோதிச்சுப் பாத்தாவ. இல்ல. ஒரு பொட்டுக்கூட இல்ல."

"பின்ன எங்க போச்சு?"

"கடல்ல. வருஷா வருஷம் அடிக்கிற பாதையை விட்டுக் காத்து இந்தத் தடவை கீழே இறங்கிட்டு. நடுக்கடல்லயே மழை பிடிச்சிருச்சு. அங்க மிதவை போட்டிருக்காவ, அதுல எல்லாம் நம்ம அடையாளம் இருக்கு." நிலையை விட்டுக் கையை எடுத்தார். "மத்த பாத்தி மண்ணும் அப்படித்தான். அடுத்த வருஷம் காத்து சரியா அடிச்சா..."

"அடுத்த வருஷம் அவ அதுல இருக்க மாட்டாளே சார்."

"இருக்க மாட்டா."

ஜெபசிங் அவள் முகத்தையே பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர் மாதிரி நின்றார். திட்டியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

"முழுசுமா கடல்ல?" என்று கேட்டாள் சக்தி.

"முழுசும்."

"உப்புத் தண்ணிதானே?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்போ கரைச்சாச்சு."

சின்னப் பிள்ளைக்கு அஸ்தி கரைக்கிற வழக்கம் இல்லை. அங்கிருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். லிங்கதுரை சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. சக்தி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க."

"ம்."

"ஒரு வாளித் தண்ணி பிடிச்சு வைங்க. தலை முழுகணும்."

அவன் வாளியை எடுத்தான். காலி வாளியைப் பிடித்தபடி நின்றான்.

"இன்னைக்கு நம்ம முறை இல்லியே" என்றான். "நாளைக்குத்தானே தண்ணி."

"என் முறைத் தண்ணி இருக்கு, எடுத்துக்கோ லிங்கதுரை" என்றார் ஜெபசிங். "ரெண்டு வாளியாப் பிடி. நீயும் ஊத்தணும்லா."